குவாரி வேலை பாக்குறவங்க கைக்கு கிராஃபீன் சென்சார்

கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் குவாரில ஜாக்ஹேமர் புடிக்கிறவங்க கைய யாராவது கவனிச்சிருக்கீங்களா? எங்க மாமா வேலை முடிஞ்சு வந்தா சட்டை பட்டன் கழட்டவே முடியாது, விரலெல்லாம் மதமதன்னு இருக்குன்னு அத்தைய கூப்பிடுவாரு. வயசானதால இல்ல, மெஷின் அதிர்வு வருஷக்கணக்கா ஏறி விரல் நரம்பும் சின்ன ரத்தக்குழாயும் கெட்டுப்போகுது. அமெரிக்கால இந்தியானா பக்கம் சுண்ணாம்புக்கல்லு வெட்டுறவங்க கைய பாத்து ஆலிஸ் ஹாமில்டன்னு ஒரு டாக்டரம்மா 1918லயே இத எழுதிட்டாங்க. ஐரோப்பால 2002ல சட்டமே வந்துச்சு, 8 மணி நேர வேலைக்கு கணக்கு போட்டு கைக்கு வர்ற அதிர்வு 5 மீட்டர் பர் செகண்ட் ஸ்கொயர் தாண்டக்கூடாது, 2.5 தாண்டுனாலே முதலாளி ஏதாவது செஞ்சாகணும்.

அளக்கணும்னா வழக்கமா மெஷின் கைப்பிடில ஆக்சிலரோமீட்டர், அதாவது அதிர்வ அளக்குற சின்ன சென்சார், ஒட்டுவாங்க. ஆனா எவ்ளோ இறுக்கி புடிக்கிறோமோ அவ்ளோ அதிகமா அதிர்வு கைக்குள்ள ஏறும், மெஷின் முனைல இருக்குற பிட்டு கல்லுல சிக்கிட்டா மாமா பல்ல கடிச்சிட்டு அழுத்துவாரு பாருங்க, அது அந்த ஆக்சிலரோமீட்டருக்கு எப்படி தெரியும்? அழுத்தம் அதிர்வு ரெண்டையும் உள்ளங்கைலயே அளக்கணும், அதுவும் கிளவுஸுக்குள்ள உறுத்தாம இருக்கணும்.

இங்கதான் கிராஃபீன் வருது. ஒரே ஒரு அணு தடிமன்ல இருக்குற கார்பன் தாள், 2004ல மான்செஸ்டர்ல கெய்மும் நோவோசெலோவும் கிராஃபைட்ல டேப் ஒட்டி உரிச்சே எடுத்தாங்க, 2010ல நோபல் பரிசு. இந்த கிராஃபீன் துகள்கள ரப்பர் மாதிரி பொருள்ல கலந்தா ஒண்ணோட ஒண்ணு தொட்டுக்கிட்டு கரண்ட் போகும், அழுத்துனா இழுத்தா அந்த தொடுப்பு மாறி ரெசிஸ்டன்ஸும் (கரண்டுக்கு வர்ற தடை) மாறும். இழுபடுறத அளக்குற சாதாரண மெட்டல் ஸ்ட்ரெயின் கேஜோட கேஜ் ஃபேக்டர் (இழுத்தா ரெசிஸ்டன்ஸ் எவ்ளோ மாறுதுங்கற கணக்கு) சுமார் 2, டப்ளின் டிரினிட்டி காலேஜ்ல 2016ல பண்ண கிராஃபீன் புட்டிக்கு (கிராஃபீன் கலந்த, களிமண்ணு மாதிரி பிசையுற சிலிகான்) 500க்கு மேல, சிலந்தி நடக்குறது கூட அதுல பதிவாச்சு!

இந்த மாதிரி சென்சார செய்யிறதுக்கு இன்னும் சுலபமான வழியும் இருக்கு. மொபைல் சர்வீஸ் கடைல சாலிடரிங் பண்றப்போ ஒட்டுவாங்களே தேன் கலர் டேப்பு, அதான் பாலிஇமைடு, அது மேல சிஓ2 லேசர் ஓட்டுனா ஓடுன கோடு மட்டும் கருப்பா பஞ்சு மாதிரி கிராஃபீனா மாறிடும். 2014ல ரைஸ் யுனிவர்சிட்டில ஜேம்ஸ் டூர் குழு சொன்னது இது. அக்ரிலிக் வெட்டுற லேசர் மெஷினே போதும்.

நாடி துடிப்பு, தொண்டை அசைவுன்னு அளக்க கிராஃபீன் சென்சார் நிறைய பேர் பண்ணிட்டாங்க, நல்லதுதான், ஆனா எனக்கு குவாரி கைதான் முக்கியம். கஷ்டமும் இருக்கு: வேர்வை பட்டாலும் சூடு ஏறுனாலும் ரெசிஸ்டன்ஸ் மாறும், நம்ம ஊரு சித்திரை வெயில்ல அழுத்தம் எது வெயில் எதுன்னு பிரிக்கணும். சிலிகான்ல மூடி, பக்கத்துலயே அழுத்தம் படாத இன்னொரு பீஸ் வெச்சு கழிச்சு பாக்கலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இன்ஜினியரிங் படிக்கிற தம்பி தங்கச்சிங்க யாராவது ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டா இத எடுத்தீங்கன்னா கமெண்ட்ல சொல்லுங்க, ஜாக்ஹேமர் புடிக்கிற ஆளுங்கள நான் அறிமுகப்படுத்துறேன், மாமாகிட்ட ஏற்கனவே கேட்டுட்டேன், கிளவுஸ் போட்டு பாக்க ரெடின்னு சொல்லிட்டாரு.