வெளியில் கக்கூஸ் இருக்கிற வீட்டுக்குப் போகலாமா?

ஆனி முடிவதற்குள் நாங்கள் வீடு மாறியாக வேண்டும். இப்போது இருக்கிற வீட்டின் ஓனர் மகனுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார், அவர்களுக்கு வீடு தேவைப்படுகிறது, நியாயம்தான். ஆடி பிறந்துவிட்டால் புது வீட்டில் பால் காய்ச்ச என் மாமியார் சம்மதிக்கவே மாட்டார். சித்திரையிலிருந்து தேடி நாகர்கோவிலைச் சுற்றிப் பதினோரு வீடு பார்த்தாயிற்று. குறையில்லாத வீடு ஒன்றுகூட எங்கள் கைக்கு எட்டுகிற வாடகையில் இல்லை.

ஆரம்பத்தில் ஒரு நோட்டில் மார்க் போட்டு வைத்தேன். தண்ணீர், பஸ், பள்ளிக்கூடம், வாடகை, அட்வான்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இவ்வளவு. அதில் முதலில் வந்தது கோணம் பக்கம் ஒரு மாடி வீடு. புது டைல்ஸ், அடுக்களை முழுக்க அலமாரி, காற்றோட்டம், வாடகை 11,000. எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது, அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்று நின்றேன். இறங்கி வரும்போது படிகளை எண்ணினேன், பத்தொன்பது. மாமியாருக்கு 71 வயது, இரண்டு முட்டியிலும் தேய்மானம், சுகர் வேறு. ஏறிவிடுவார், ஆனால் அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் மட்டும்தான் இறங்குவார். நோட்டில் படிக்கு நான் போட்டிருந்தது பத்துக்கு ஆறு. அந்த ஆறு யாருடைய ஆறு? நான் ஏறி இறங்குவதற்கான ஆறு அது. அன்றைக்கு ராத்திரி நோட்டை எடுத்து ஒவ்வொரு வீட்டின் குறைக்கும் பக்கத்தில் அது யார் மேல் விழும் என்று பெயர் எழுதினேன். கோட்டாறு பக்கம் பார்த்த வீட்டில் லாரிச் சத்தம், அது ஆறாம் வகுப்புக்குப் போகிற மகள் மேல். சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் கேட்ட வீடு, அது எங்கள் எல்லார் மேலும். பாதிக்கு மேல் வீடுகளில் குறை விழுந்தது மாமியார் மேலும் நாலு வயசு மகன் மேலும்தான், அவர்கள் இரண்டு பேரையும் வீடு பார்க்க நாங்கள் ஒரு நாளும் கூட்டிப் போயிருக்கவில்லை.

கடைசியாக நாங்கள் முடிவு செய்ய வேண்டியிருந்த வீடு பார்வதிபுரம் தாண்டி இருக்கிறது. வடசேரியிலிருந்து தக்கலை போகிற பஸ்ஸில் ஏறி இறங்கி ஆறு நிமிஷம் நடந்தால் பன்னிரண்டு சென்ட் விளைக்கு, அதாவது தோட்டத்துக்கு, நடுவில் ஒரு பழைய ஓட்டு வீடு. திண்ணை, நடுவில் ஹால், இரண்டு அறை, அடுக்களை, பின்னால் கூரையைச் சரிவாக இறக்கிய சாய்ப்பு. கிணறு வீட்டை ஒட்டி. அடுக்களைக் கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு வைத்திருக்கிறார்கள், நாங்கள் போன நேரத்துக்கு அதிலிருந்து விழுந்த வெளிச்சம் அம்மியின் மேல் சதுரமாகக் கிடந்தது, மகள் போய் அதில் கையை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாடகை 7,500. தனி மீட்டர், அதனால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் நமக்கே கிடைக்கும். குறை மூன்று. வீட்டுக்கு வருகிற ஊடுவழி ஒடுக்கம், கணவரின் லோடு ஆட்டோ வாசல் வரை வராது. மேற்கு அறைச் சுவரில் ஓதம், அதாவது ஈரக்கசிவு. கக்கூஸும் குளிமுறியும் வெளியில், விளையின் அந்தக் கோடியில்.

முதல் தடவை பார்த்தது மே மாதம், நல்ல வெயில், சுவரில் அப்போதுதான் பெயின்ட் அடித்திருந்தார்கள், ஓதம் இருப்பதே தெரியவில்லை. நம்ம மாவட்டத்தில் வீட்டை வெயிலில் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்று என் அப்பா சொல்வார். மற்ற ஊர்களுக்குப் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழை ஒன்றுதான், நமக்கு ஜூனிலேயே தென்மேற்குச் சாரல் தொடங்கி மேற்குச் சுவரை அடித்துக்கொண்டே இருக்கும், அது காய்வதற்குள் வடகிழக்கு வந்துவிடும். அதனால் ஜூனில் மூன்று நாள் விடாமல் மழை பெய்ததும் மறுபடி போனோம். மேற்கு அறையில் தரையிலிருந்து என் இடுப்பு உயரத்துக்குப் பெயின்ட் அங்கங்கே கொப்புளம் போல எழும்பியிருந்தது. ஒன்றைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினேன், உடைந்து, ஈர மணலும் வெள்ளையாக உப்பும் பொலபொலவென்று என் கால்மேல் கொட்டியது. மேலே கூரையை ஒட்டி ஒரு கறைகூட இல்லை. அப்படியென்றால் ஓடு ஒழுகவில்லை, ஈரம் தரையிலிருந்து சுவரில் ஏறுகிறது, பழைய சுண்ணாம்புச் சுவரில் அதைத் தடுக்க அடியில் எதுவும் வைத்திருக்க மாட்டார்கள். இதற்கு மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடித்தால் சுவர் மூச்சு விடும், முழுசாகப் போகாது, ஆனால் கட்டுக்குள் இருக்கும். சின்னவனுக்குக் குளிர் பட்டாலே இளைப்பு வரும். அந்த அறையில் யாரும் படுப்பதில்லை, அரிசி, துணி எதுவும் வைப்பதில்லை, பாத்திரமும் கணவரின் டூல்ஸும் மட்டும், கதவு எப்போதும் சாத்தியிருக்கும் என்று முடிவு செய்தோம். ஆக வாடகை கொடுப்பது இரண்டு அறைக்கு, கிடைப்பது ஒரு அறையும் ஹாலும். அதைக் கணக்கில் வைத்துத்தான் 7,500 சரியா என்று பார்க்க வேண்டும்.

மரத்தையும் பார்த்தேன். 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் அடித்தபோது நாங்கள் தக்கலை பக்கம் இருந்தோம், அடுத்த வீட்டு அயனி மரம் அவர்கள் கூரையில் விழுந்தது, எட்டு நாள் கரண்ட் இல்லை. அதிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் மரத்துக்குத்தான் போகும். இங்கே ஒரு தென்னை வீட்டுப் பக்கம் சாய்ந்து நிற்கிறது, அதை வெட்டித் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் பெய்த மழையில் சானல், அதாவது வாய்க்கால், பொங்கியதா என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டதற்கு அவர் தன் வீட்டு நடையின் கீழ்ப்படியைக் காட்டினார். அதற்கு மேல் வரவில்லை. இந்த வீட்டின் தரை அதைவிட உயரம்.

ஆட்டோவை மெயின் ரோட்டில் போட்டுவிட்டு நடப்பதற்குக் கணவர் சம்மதித்துவிட்டார். நடக்கப் போகிறவர் அவர், சம்மதம் சொன்னவரும் அவர். அது எனக்குப் போதும்.

மீதி கக்கூஸ். அதற்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமியாரை ஆட்டோவில் கூட்டிப் போனோம். அவர் அறையைப் பார்க்கவில்லை, நேராகக் கிணற்றடிக்குப் போனார். "பங்குனியில வத்துமா?" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டார். "எந்த வெயிலுக்கும் ரெண்டு உறை தண்ணி கிடக்கும்" என்றார் அக்கா. ஒரு வாளி இறைக்கச் சொல்லி, கையில் ஏந்தி வாயில் வைத்துப் பார்த்தார். அப்புறம் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கக்கூஸ் வரை நடந்து போய்த் திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ராத்திரி இவ்வளவு தூரம் உங்களால் முடியுமா மாமி, மழையில் வழுக்குமே என்று கேட்டேன்.

"தூரமெல்லாம் நான் நடந்திருவேன் பிள்ளே. ராத்திரி உங்கள எழுப்பணுமேன்னு சாயங்காலத்தோட தண்ணி குடிக்கிறத நிறுத்திருவேன், அதுதான்."

சுகர்காரர், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போன வருஷம் நாத்தனார் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு மூத்திரக் கடுப்போடு வந்தது ஏன் என்று எனக்கு அந்தத் திண்ணையில்தான் புரிந்தது. அங்கேயும் கக்கூஸ் வெளியில்தான். நான் பயந்தது அவர் விழுந்துவிடுவாரோ என்று மட்டும்தான். கேட்காமல் இருந்திருந்தால், வழியில் ஒரு லைட்டும் ஒரு கைப்பிடியும் போட்டுவிட்டு எல்லாம் செய்தாயிற்று என்று நினைத்திருப்பேன்.

ஆக, உள்ளே ஒரு கக்கூஸ் இல்லாமல் இந்த வீடு வேண்டாம் என்று முடிவு செய்தோம். கொத்தனாரைக் கூட்டி வந்தோம். பின்சாய்ப்பின் ஒரு மூலையில் ஆறுக்கு நாலு அடி தடுத்தால் போதும், இடம் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து கிணறு பதினெட்டு அடிதான். குழியை அங்கே தோண்டவே கூடாது, ஐம்பது அடியாவது தள்ளி இருக்க வேண்டும் என்றார். கக்கூஸை ஏன் அந்தக் கோடியில் கட்டினார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. கிணற்றில் நல்ல தண்ணீர் இருப்பதும் கக்கூஸ் தூரமாக இருப்பதும் ஒரே காரணத்தால்தான். எனக்கு அந்தப் பழைய ஆட்கள் மேல் பெரிய மரியாதை வந்தது. கொத்தனார் டேப்பைப் பிடித்து அளந்து, குழாயைக் கிணற்றுப் பக்கம் விடாமல் தெற்கே சுற்றிப் பழைய செப்டிக் டாங்குக்கே கொண்டு போனால் பதினாறு மீட்டர் வரும், மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் சரிவு வைத்தால் மொத்தம் நாற்பது சென்டிமீட்டர், சாய்ப்பின் தரை மண்ணிலிருந்து இரண்டடி உயரம் இருப்பதால் தாராளமாகப் போகும் என்றார். உட்காருகிற கோப்பை, கதவு, தண்ணீர் லைன் எல்லாம் சேர்த்து 62,000.

ஓனர் அக்கா திருவனந்தபுரத்தில் மகளோடு இருக்கிறார். போனில் கேட்டதும் கையில் பணம் இல்லை என்றுதான் முதலில் சொன்னார். அவர் கேட்டிருந்த அட்வான்ஸ் 50,000. அதிலிருந்து எடுத்தே வேலையைச் செய்யுங்கள், மீதி 12,000-ஐ மாதம் ஆயிரமாக வாடகையில் கழித்துக்கொள்கிறோம், ஆனால் போகும்போது அட்வான்ஸ் முழுசாகத் திரும்பி வர வேண்டும் என்று கணவர் சொன்னார். ஓனர் அக்கா ஒரு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். நான் இன்னொன்றும் கேட்டேன். பதினோரு மாத ஒப்பந்தம் வேண்டாம், மூன்று வருஷத்துக்குப் போடுங்கள் என்றேன். ஒரு வருஷத்துக்கு மேல் என்றால் பத்திரப்பதிவு செய்ய வேண்டும், அந்தச் செலவுக்காகத்தான் ஊரே பதினோரு மாதம் போடுகிறது. நம் மேற்பார்வையில் கக்கூஸ் கட்டி, பன்னிரண்டாம் மாதம் வாடகையை ஏற்றினாலோ காலி பண்ணச் சொன்னாலோ மாமியாரைக் கூட்டிக்கொண்டு மறுபடி எங்கே போவது? 2019 பிப்ரவரி 22-லிருந்து நடைமுறையில் இருக்கிற தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி எப்படியும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. நாங்கள் அதை வைத்துச் சண்டை போடவில்லை, பணம் கக்கூஸாக மாறுகிறது என்பதால் ஒத்துக்கொண்டோம். தென்னையை வெட்டுவது, மேற்குச் சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடிப்பது, பழைய மரப்பட்டை ஒயரிங்கை மாற்றுவது, மூன்றையும் பத்திரத்தில் எழுதச் சொல்லியிருக்கிறோம். பதிவுச் செலவு ஆளுக்குப் பாதி.

வேலை போன திங்கட்கிழமை தொடங்கியது. வியாழக்கிழமை மாமியார் தானே வருகிறேன் என்று எங்களோடு வந்தார். கைப்பிடி எந்த உயரத்தில் வேண்டும் என்று கொத்தனார் கேட்டார். மாமியார் இன்னும் பூச்சு காயாத அந்தச் சின்ன அறைக்குள் போய், கவிழ்த்துப் போட்டிருந்த சிமென்ட் சட்டியின் மேல் மெதுவாக உட்கார்ந்து, வலது கையைச் சுவரில் ஊன்றி எழுந்தார். கை இருந்த இடத்தில் கணவர் கரித்துண்டால் ஒரு கோடு போட்டார். "இன்னும் ரெண்டு விரக்கடை கீழ" என்றார் மாமியார். அதை அழித்துவிட்டு மறுபடி போட்டார்.