வரைந்தவர் பேசக் கூடாத பத்து நிமிடம்

பல ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்குக் ‘காத்திருத்தல்’ என்ற தலைப்பைக் கொடுத்து வரையச் சொன்னேன். ஏறக்குறைய எல்லாத் தாள்களிலும் கடிகாரம் இருந்தது. ஒரு மாணவன் மட்டும் ஒரு நாற்காலியையும் அதில் உட்கார்ந்திருக்கும் பையனையும் வரைந்திருந்தான். நாற்காலி மிகப் பெரிதாக இருந்தது. பையனின் கால்கள் தரைக்கு எட்டாமல் தொங்கின. அளவு பிசகிவிட்டது என்று நினைத்து, அவனிடமிருந்து பென்சிலை வாங்கி, நாற்காலியின் முதுகை ரப்பரால் அழித்துக் குறுக்கி, விகிதத்தைச் சரிசெய்து கொடுத்தேன். அவன் “சரி சார்” என்று வாங்கிக்கொண்டான். மறுநாள் பக்கத்து இருக்கை மாணவி, “இவன் நாற்காலி ஏன் சார் சின்னதாகிவிட்டது? நேற்று பார்த்தபோதுதான் ரொம்ப நேரமாக உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது” என்றாள். அவன் சொல்ல வந்தது அவளுக்கு எட்டியிருந்தது. ஓவிய ஆசிரியரான எனக்கு எட்டவில்லை.

அன்றிலிருந்து மாணவர் தாளில் நான் கோடு போடுவதில்லை. ஆனால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது மட்டும் கற்பித்தல் ஆகிவிடாது. படத்தின் வழியே ஒருவர் ஏதோ சொல்கிறார் என்றால், அது மற்றவர்களுக்கு என்னவாகப் போய்ச் சேர்ந்தது என்பதை அவர் கேட்டறிய ஒரு வழி வேண்டும். அதற்காகத்தான் வகுப்பில் விமர்சன நேரத்தைத் தொடங்கினேன். அந்தச் சொல்லே முதல் தடையாக நின்றது. விமர்சனம் என்றால் குறை சொல்வது என்றே மாணவர்கள் எண்ணியிருந்தார்கள், குறை சொல்லத் தயங்கியவர்கள் “நன்றாக இருக்கிறது” என்று முடித்துக்கொண்டார்கள். வசையைவிட இந்தப் பாராட்டுதான் எனக்குப் பெரிய தொல்லை. வசைக்காவது பதில் கேட்கலாம். “நன்றாக இருக்கிறது” என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது.

அமெரிக்கக் கலைக் கல்வியாளர் எட்மண்ட் ஃபெல்ட்மன் விமர்சனத்தை விவரித்தல், பகுத்தாய்தல், பொருள்கொள்ளல், மதிப்பிடல் என நான்கு படிகளாக வகுத்தார். என் வகுப்பில் முதல் படிக்கே பாதி நேரம் போய்விடும், அதில் எனக்கு வருத்தமில்லை. படத்தைச் சுவரில் மாட்டிய பிறகு பத்து நிமிடம் வரைந்தவர் வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் முதலில் சொல்ல வேண்டும். “சோகமான பெண்” என்று சொல்லக் கூடாது, “தலை குனிந்திருக்கிறது, முகத்தின் பாதியில் நிழல் விழுந்திருக்கிறது” என்று சொல்லலாம். அதற்குப் பிறகு பொருள் சொல்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கப்படும்: “எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்?” உளவியலாளர் அபிகெய்ல் ஹௌசனும் அருங்காட்சியகக் கல்வியாளர் ஃபிலிப் யெனவைனும், படத்தைப் பார்த்துப் பேச வைப்பதற்காக உருவாக்கிய காட்சிச் சிந்தனை முறையின் மூன்று கேள்விகளில் இது நடுக் கேள்வி, மற்ற இரண்டையும் நான் மறந்துவிடும் நாட்கள் உண்டு, இதை மறப்பதில்லை.

அந்தப் பத்து நிமிடம் வரைந்தவருக்கு எப்படி இருக்கும் என்பதை ஒரு பத்தாம் வகுப்பு மாணவியிடம் பார்த்தேன். வீட்டில் ஒருவர் இறந்த பிறகு காலியாகக் கிடந்த கட்டிலை அவர் நீர்வண்ணத்தில் தீட்டியிருந்தார். இளநீலமும் சாம்பலும் ஒன்றோடொன்று கரைந்து, பார்க்க அழகாகவே இருந்தது. வகுப்பு “காலை நேரம்” என்றது, “நிம்மதியான அறை” என்றது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டார். பேச முறை வந்ததும் “அப்படி இல்லை” என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அவருக்குக் கேத்தே கோல்விட்ஸின் அச்சுப் படங்களைக் காட்டினேன். 1914இல் தம் 18 வயது மகன் பீட்டரைப் போரில் இழந்த அந்த ஜெர்மானிய ஓவியர், அதற்கு முன் பெரும்பாலும் அமிலப் பொறிப்பிலும் கல்லச்சிலும் வேலை செய்தவர். 1920இல் ஜெர்மானியச் சிற்பி எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்கு அச்சுகளைப் பார்த்த பிறகு, தம் துயரத்துக்கு அந்த ஊடகமே பொருந்தும் என்று அதற்கு மாறினார். ‘போர்’ என்ற ஏழு மரச்செதுக்குகளின் தொகுதி 1923இல் வெளிவந்தது. மாணவி, மரத்தைப் போலவே செதுக்கி மை பூசி அச்செடுக்கும் லினோ தகட்டை எடுத்துக்கொண்டார். லினோவில் செதுக்கிய இடம் வெள்ளையாகவும் விட்ட இடம் கறுப்பாகவும் விழும், நீர்வண்ணத்தைப் போல நடுவில் கரைந்து போக வழியில்லை. கட்டிலை அப்படியே கறுப்பாக விட்டுவிட்டுச் சுற்றிலும் செதுக்கித் தள்ளியிருந்தார். சரியாக எடுபடாத மேடுகளில் மை ஒட்டி, பின்னணி முழுவதும் கீறல் கீறலாக விழுந்திருந்தது. முன்பு “நிம்மதியான அறை” என்று சொன்ன அதே மாணவன் வெகு நேரம் பார்த்துவிட்டு, “இந்தக் கட்டிலில் இனி யாரும் படுக்க மாட்டார்கள்” என்றான். எதைப் பார்த்து என்று கேட்டதற்கு, பின்னணிக் கீறல்களைக் காட்டினான். அவற்றைச் சுத்தம் செய்யச் சொல்லலாமா என்று முந்தைய நாள் நான் யோசித்திருந்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

கடிகாரத்தின் மேல் எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. ஆனால் காத்திருத்தலுக்குக் கடிகாரம், அமைதிக்குப் புறா, விடுதலைக்கு அறுந்த சங்கிலி என்று தயாராகக் கிடைக்கும் சின்னங்கள், மாணவர் தாமாக ஒன்றைப் பார்ப்பதற்கு முன்பே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. இதைப் பேச எனக்கு உதவுவது, குண்டுவீச்சுக்கு ஆளான ஸ்பானிய ஊரைப் பற்றிய பிக்காசோவின் ‘குவெர்னிகா’ ஓவியம்; கதறும் குதிரை ஒன்று அதன் நடுவில் நிற்கிறது. அவர் 1937இல் அதை வரைந்துகொண்டிருந்தபோதே புகைப்படக் கலைஞர் டோரா மார் அதன் நிலைகளைப் படம் பிடித்து வைத்தார். தொடக்க நிலையில், வீழ்ந்து கிடக்கும் வீரனின் கை, போராட்டத்துக்குத் தயாராகக் கிடைக்கும் சின்னமான, விரல் மடக்கிய முட்டியாக உயர்ந்து நிற்கிறது. அடுத்த நிலையில் அந்த முட்டிக்குள் கதிர்க்கட்டும் பின்னால் பெரிய சூரியனும் வருகின்றன. அதன் பிறகு கையே காணாமல் போகிறது. ஏழேமுக்கால் மீட்டர் அகலமுள்ள ஓவியத்தில் இடமில்லாமலா எடுத்திருப்பார் என்று கேட்பேன். ஒருமுறை ஒரு மாணவன், “முட்டி இருந்தால் அதைப் பார்த்துவிட்டுப் போய்விடுவோம் சார், குதிரையைப் பார்க்க மாட்டோம்” என்றான். இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் தந்ததில்லை.

மதிப்பெண் விஷயம் இன்னும் எனக்குச் சரிப்படவில்லை. ஆண்டு முழுவதும் இப்படிப் பேசிவிட்டுக் கடைசியில் ஓர் எண்ணைப் போட வேண்டியிருக்கிறது; இறுதிப் படத்தோடு அதற்கு முந்தைய முயற்சிகளையும் வாங்கி வைத்துக்கொண்டு போடுகிறேன், அவ்வளவுதான்.

சென்ற ஆண்டு, பெயர் எழுதாமல் என் கோட்டோவியம் ஒன்றை அவர்கள் படங்களுக்கு நடுவே மாட்டினேன். ஜன்னலோரம் படிக்கும் ஒரு முதியவர். ஜன்னல், புத்தகம், மூக்குக் கண்ணாடி என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி முடித்தார்கள். பிறகு ஒரு மாணவி, “இதை வரைந்தவருக்கு அந்தத் தாத்தாவைப் பற்றி எதுவும் தெரியாது என்று நினைக்கிறேன்” என்றாள். நான் கேட்பதற்கு முன்பே இன்னொருத்தி, “எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்?” என்றாள். “எல்லாக் கோடும் ஒரே அழுத்தத்தில் இருக்கிறது. அழித்து வரைந்த இடம் ஒன்றுகூட இல்லை.” பத்து நிமிடம் முடிய இன்னும் நான்கு நிமிடம் இருந்ததால் நான் பேசாமல் நின்றேன்.