மூட்டையைச் சுற்றி நான்கு கேமரா

மன்னார்குடிப் பக்கம் ஒரு அரிசி ஆலை. மூட்டை ஓடும் பெல்ட்டைச் சுற்றி நான்கு கேமரா மாட்டி, தையல் விட்டிருக்கிறதா, அச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான்கும் ஒரு நெட்வொர்க் சுவிட்சில், அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு கேபிள். இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று போனேன், ஒன்பது நாள் ஆனது.

ஐபி முகவரி வேலையை முதலிலேயே முடித்துவிடுங்கள். ஒவ்வொரு கேமராவுக்கும் நிலையான முகவரி கொடுத்து அதை எழுதி முதுகில் ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் கரண்ட் போய் வந்ததும் 169.254 என்று தொடங்கும் ஏதோ ஒரு முகவரியில் போய் நிற்கும்.

ஆரம்பத்தில் கம்ப்யூட்டரிலிருந்து ஒவ்வொரு கேமராவுக்கும் தனித்தனியாக 'எடு' என்று சொன்னேன். முதல் கேமராவுக்கும் நான்காவதுக்கும் சில சமயம் 40 மில்லிசெகண்ட் வித்தியாசம் வந்தது. பெல்ட் விநாடிக்கு அரை மீட்டர் ஓடுவதால் அதற்குள் மூட்டை 2 செ.மீ. நகர்ந்துவிடும். சரி என்று, நான்குக்கும் சேர்த்து ஒரே ஆக்‌ஷன் கமாண்ட் அனுப்பினேன். படங்கள் ஒன்றாக விழுந்தன, ஆனால் பாதிப் படங்களின் அடியில் கறுப்புப் பட்டை!

கேபிளை மாற்றினேன், சுவிட்சை மாற்றினேன், பட்டை போகவில்லை. கணக்குப் போட்டால் பாரம் ஒன்றுமே இல்லை. படம் ஒன்று 5 எம்பி, நான்கு படம் 20 எம்பி, இரண்டு விநாடிக்கு ஒரு மூட்டை. ஒரு ஜிகாபிட் கேபிளுக்கு இது சாதாரணம். மூன்றாவது நாள் இரவுதான் புரிந்தது, சராசரியைப் பார்த்தது தப்பு. நான்கு படமும் ஒரே நேரத்தில் ஒரே கேபிளுக்குள் பாய, வழியில் தொலைந்த துண்டுகள்தான் கறுப்பாகத் தெரிந்தன. ஐப்பசி மழையில் நான்கு வயல் தண்ணீரும் ஒரே நேரத்தில் ஒரு வடிகாலில் இறங்கினால் கரை உடையும்தானே, அந்த வடிகால் மறுநாள் முழுக்க காலியாகக் கிடந்தாலும்! படத்தை ஒன்றாக எடுக்க வேண்டும், ஆனால் ஒன்றாக அனுப்பக் கூடாது.

கேமரா படத்தைச் சிறு துண்டுகளாக, அதாவது பாக்கெட்டுகளாகத்தான் அனுப்பும். ஒரு பாக்கெட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவே காத்திருக்க வைக்க, பாக்கெட் இடைவெளி என்று ஒரு அமைப்பு இருக்கிறது. பெரிய பாக்கெட்டுகளை அனுமதிக்கும் ஜம்போ ஃப்ரேமை சுவிட்ச், கம்ப்யூட்டர் இரண்டிலும் திறந்து பாக்கெட்டை 9000 பைட் ஆக்கினேன். அப்படி ஒரு பாக்கெட் போக ஏறக்குறைய 72 மைக்ரோசெகண்ட். மற்ற மூன்று கேமராவும் தங்கள் பாக்கெட்டை அனுப்ப 216 ஆகும், கொஞ்சம் தாராளமாக 240 வைத்தேன். இந்த இடைவெளியை கேமரா கடிகாரத்தின் துடிப்பில், அதாவது டிக்கில் சொல்ல வேண்டும். என் கேமராவில் ஒரு டிக் 8 நானோசெகண்ட் என்பதால் 30000 என்று போட்டேன். பட்டை போயே போச்சு.

அப்புறம் நான்கு படமும் ஒரே மூட்டையுடையதுதானா என்று உறுதி செய்ய நான்கு கடிகாரமும் ஒத்துப்போக வேண்டியிருந்தது, ஏனென்றால் ஒவ்வொரு கேமராவும் தனக்கு கரண்ட் வந்த நேரத்திலிருந்துதான் எண்ணுகிறது. அதனால் நெட்வொர்க் வழியாகவே கடிகாரங்களை ஒத்துப்போக வைக்கும் பிடிபியை, அதாவது ஐஇஇஇ 1588 என்ற தரநிலையை இயக்கினேன். ஒரு கேமரா தலைமை ஏற்க, மற்ற மூன்றும் சில நிமிடங்களில் ஒரு மைக்ரோசெகண்டுக்குள் வந்துவிட்டன. ஆனால் கறுப்புப் பட்டை திரும்ப வந்தது. இரண்டு நாள் தேடினேன். பிடிபி இயங்கினால் என் கேமராவில் ஒரு டிக் 1 நானோசெகண்ட் ஆகிவிடுகிறதாம். நான் போட்ட 30000 வெறும் 30 மைக்ரோசெகண்டாகச் சுருங்கியிருக்கிறது! 240000 என்று மாற்றியதும் சரியானது. உங்கள் கேமராவில் டிக் அளவு வேறாக இருக்கலாம், பிடிபிக்கு முன்னும் பின்னும் அந்த எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

இப்போது மூன்று ஷிஃப்டும் ஓடுகிறது, விடுபட்ட பாக்கெட் பூஜ்யம். தவிட்டுத் தூசிக்காக லென்ஸ் கண்ணாடியை மட்டும் ஷிஃப்டுக்கு ஒரு தடவை துடைக்கிறார்கள்.