ஒரு சென்டிமீட்டருக்குப் பதினைந்து டிகிரி

சுவரில் மாட்டிய உலகப் படத்தின் முன்னால் நிற்கவைத்து "பிரேசில் எங்கே?" என்று கேட்டால் யாருக்கும் விரல் சரியாகப் போய்விடும். பெயர் அங்கேயே அச்சாகி இருக்கிறதே. படத்தைச் சுருட்டி வைத்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளைக் கையில் கொடுத்தால்தான் சோதனை ஆரம்பிக்கிறது. படத்தில் கண்டுபிடிப்பது வேறு, தாளில் கொண்டுவருவது வேறு. பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், வேலந்தாவளம் பக்கம் கேரள பி.எஸ்.சி.க்கும் மத்திய அரசுத் தேர்வுகளுக்கும் படிக்கிற பிள்ளைகளில் பலர் முதல் வகையிலேயே மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். தேர்வில் கேட்பதோ இரண்டாவது வகை: மத்தியதரைக் கடலைத் தொடாத நாடு எது, இந்த நான்கு நகரங்களை வடக்கிலிருந்து தெற்காக வரிசைப்படுத்து. வினாத்தாளில் படம் இருக்காது.

எனவே முதலில் ஒரு நேர்மையான சோதனை. A4 தாளைப் படுக்கை வாட்டில் வையுங்கள். அரை மணி நேரத்தில் கண்டங்களின் உருவத்தையும், தெரிந்த நாடுகளையும், பெரிய நகரங்களையும் வரைந்து முடியுங்கள். அழிப்பான் வேண்டாம். பிறகு அட்லஸைத் திறந்து திருத்துங்கள். எத்தனை நாடு எழுதினோம் என்று எண்ணுவதில் பயன் குறைவு. ஐ.நா. உறுப்பு நாடுகள் 193. முதல் தடவையே பாதிக்கு மேல் வந்தால் நல்ல தொடக்கம், அவ்வளவுதான். பார்க்க வேண்டியது பிழையின் வகை. பெயர் மாறியதா (ஸ்லோவாக்கியா இருக்கிற இடத்தில் ஸ்லோவேனியா), பக்கத்து நாடு மாறியதா, அல்லது கண்டமே இடம் நகர்ந்துவிட்டதா?

மூன்றாவது வகைதான் எல்லோருக்கும் வருவது, யாரும் கவனிக்காததும் அதுதான். தென் அமெரிக்காவை வட அமெரிக்காவுக்கு நேர் கீழே தொங்கவிடுவார்கள். உண்மையில் அது கிழக்கே தள்ளி இருக்கிறது. அதன் மேற்குக் கரையில் உள்ள லிமாவும், வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் உள்ள வாஷிங்டனும் ஒரே தீர்க்கரேகையில், மேற்கு 77 டிகிரியில் வருகின்றன. ஐரோப்பாவை அமெரிக்காவுக்கு நேர் எதிரே வரைவார்கள்; ஆனால் வெயிலுக்குப் பெயர்போன ரோம், பனி கொட்டுகிற நியூயார்க்கைவிடச் சற்று வடக்கே இருக்கிறது. ஆப்பிரிக்காவைப் பூமத்திய ரேகைக்குக் கீழே இறக்கிவிடுவார்கள். அதன் பெரும்பங்கு நிலம் மேலேதான் இருக்கிறது. இப்படிக் கண்டம் நகர்ந்த தாளில் நாடுகளை மனப்பாடம் செய்து நிரப்பினால் எல்லாமே தப்பான இடத்தில்தான் போய் உட்காரும்.

இதற்கு மருந்து கட்டம் போடுவது. புள்ளி வைத்துக் கோலம் போடுகிற கைக்கு இது புதிதல்ல: முதலில் புள்ளி, பிறகுதான் இழை. தாளில் 24 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரத்தில் ஒரு செவ்வகம். பூமி குறுக்கே 360 டிகிரி, நெடுக்கே 180 டிகிரி; ஆக 1 செ.மீ.க்கு 15 டிகிரி. நடுவில் குறுக்கே போகிற கோடு பூமத்திய ரேகை, நெடுக்கே போகிற கோடு கிரீன்விச் (0 டிகிரி தீர்க்கரேகை). கடகரேகையும் மகரரேகையும் நடுக்கோட்டிலிருந்து மேலும் கீழும் 1.6 செ.மீ. ஆர்க்டிக் வட்டம் 4.4 செ.மீ. மேலே. பூமி ஒரு மணி நேரத்தில் சுழல்வதும் 15 டிகிரிதான் என்பதால், தாளில் ஒரு செ.மீ. என்பது கிட்டத்தட்ட ஒரு மணி நேர வித்தியாசம். இந்த ஒரு வசதிக்காகவே வேறு அளவுகளை விட்டுவிட்டு 24க்கு 12 என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

பாலக்காட்டை முதலில் வையுங்கள்: கிரீன்விச்சிலிருந்து வலப்பக்கம் 5.1 செ.மீ., பூமத்திய ரேகைக்கு மேலே 7 மி.மீ. லிமாவும் வாஷிங்டனும் இடப்பக்கம் அதே 5.1 செ.மீ.யில் வரும். இந்திய நேரம் 82.5 டிகிரியை வைத்து, அதாவது 5.5 செ.மீ. கோட்டை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அந்தக் கோடு ஆந்திராவில் காக்கிநாடா பக்கமாகப் போகிறது. அதனால்தான் பாலக்காட்டில் சூரியன் உச்சிக்கு வருவது, ஆண்டுச் சராசரியில், கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டி ஏறத்தாழ 23 நிமிடம் கழித்து. தாளில் உள்ள 4 மி.மீ. இடைவெளி அதுதான்.

இனி ஆப்பிரிக்கா. இதை ஒரு தடவை கையால் போட்டுவிட்டால் மற்ற கண்டங்கள் பயமுறுத்தாது. எண்கள் எல்லாம் செ.மீ.; மேலே, கீழே என்பது பூமத்திய ரேகையிலிருந்து, இடது, வலது என்பது கிரீன்விச்சிலிருந்து. ஜிப்ரால்டருக்கு எதிரே உள்ள டான்ஜியர்: 2.4 மேலே, 0.4 இடது. டூனிஸ்: 2.5 மேலே, 0.7 வலது. சூயஸ்: 2 மேலே, 2.2 வலது. செங்கடலின் வாயான பாப் எல் மண்டெப்: 0.8 மேலே, 2.9 வலது. சோமாலியாவின் குவார்டஃபுயி முனை: அதே 0.8 மேலே, 3.4 வலது. தென்கோடியான அகுல்ஹாஸ் முனை: 2.3 கீழே, 1.3 வலது. (தென்கோடி நன்னம்பிக்கை முனை என்று எழுதுவது பரவலான தவறு.) கேமரூனின் டுவாலா: 0.3 மேலே, 0.6 வலது. லைபீரியாவின் பால்மாஸ் முனை: 0.3 மேலே, 0.5 இடது. டக்கார்: 1 மேலே, 1.2 இடது. டக்காரிலிருந்து டான்ஜியருக்கு வந்தால் உருவம் மூடிவிடும்.

புள்ளிகளைச் சேர்த்ததும் இரண்டு விஷயம் கண்ணில் படும். மேற்கு ஆப்பிரிக்காவின் தென்கரை, பால்மாஸிலிருந்து டுவாலா வரை, பூமத்திய ரேகைக்கு இணையாகக் கிட்டத்தட்ட நேராகப் போகிறது. நினைவிலிருந்து வரைபவர்கள் இதைச் சரித்துவிடுவார்கள். அடுத்தது, டான்ஜியரும் அகுல்ஹாஸும் நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கின்றன. கண்டத்தின் நீளத்தைப் பூமத்திய ரேகை பாதியாக வெட்டுகிறது, அகலத்தை வடக்கே குவித்துவிடுகிறது. கடற்கரை சரியாக வந்தபின் டக்காரிலிருந்து நாடுகளைக் கரையோரமாக இறக்குங்கள்: செனகல், அதற்குள் காம்பியா, கினி-பிசாவு, கினி, சியரா லியோன், லைபீரியா, ஐவரி கோஸ்ட், கானா, டோகோ, பெனின், நைஜீரியா, கேமரூன். கரை முடிந்த பிறகுதான் உள்நாடு. நடுவிலிருந்து தொடங்கினால் கடைசியில் இரண்டு நாட்டுக்கு இடம் இருக்காது.

இந்தக் கட்டத்துக்கும் ஒரு குறை உண்டு. பூமத்திய ரேகையில் 1 செ.மீ. என்பது சுமார் 1,670 கி.மீ. 60 டிகிரி வடக்கில் அதே கிடைமட்ட 1 செ.மீ. அதில் பாதிதான். ரஷ்யாவும் கனடாவும் பக்கவாட்டில் இழுபட்டுத் தெரியும். ஆனால் சுவர்ப் படங்களிலும் இணைய வரைபடங்களிலும் அடிக்கடி பார்க்கிற மெர்கேட்டர் முறை (1569) இதைவிட மோசமாக ஏமாற்றும். அது 60 டிகிரியில் பரப்பை நான்கு மடங்காகக் காட்டுகிறது. ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிகிற கிரீன்லாந்து உண்மையில் அதில் 14இல் ஒரு பங்கு, இந்தியாவைவிடவும் சிறியது. பரப்பை ஒப்பிட வேண்டுமானால் உலக உருண்டையைப் பாருங்கள், தட்டைப் படத்தை நம்பாதீர்கள்.

நம்ம பக்கம் வீட்டுக்கு வீடு வாயில் வருகிற இடம் கல்ஃப். அதை ஒரே ஊர் மாதிரி பேசுவோம். வரையச் சொன்னால் திணறுவோம். வடமேற்கு மூலையிலிருந்து தொடங்குங்கள். ஈராக்குக்கு ஒரு சின்னத் துண்டுக் கடற்கரை. அடுத்து குவைத். பிறகு நீளமாக சவூதி. சவூதிக் கரைக்குக் கிழக்கே பஹ்ரைன் தீவு. 1986இல் திறந்த பாலம் அதை சவூதியோடு இணைக்கிறது. பஹ்ரைனுக்கும் கிழக்கே, வடக்கு நோக்கி நீட்டிய கட்டைவிரலாக கத்தார். இந்த இரண்டையும் முன்பின்னாகப் போடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. கத்தாருக்கு நில எல்லை சவூதியோடு மட்டும்தான். பிறகு அமீரகம்: ஏழு அமீரகங்களில் ஃபுஜைரா மட்டும் மறுபக்கம், ஓமன் வளைகுடாவைப் பார்த்து இருக்கிறது. ஹோர்முஸ் நீரிணையில் நீட்டிக்கொண்டிருக்கும் முனை அமீரகம் அல்ல, ஓமனுக்குச் சொந்தமான முசந்தம்; ஓமனின் மற்ற பகுதியிலிருந்து அதை அமீரகம் பிரிக்கிறது. எதிர்க்கரை முழுக்க ஈரான். மஸ்கட்டுக்குச் சற்றுத் தெற்கே கடகரேகை போகிறது. ஜித்தாவில் வேலை பார்ப்பவரையும் கல்ஃபில் இருக்கிறார் என்போம், ஆனால் ஜித்தா இருப்பது செங்கடல் கரையில், தீபகற்பத்தின் மறுகோடியில்.

அடுத்த பயிற்சி, சொந்த ஊரிலிருந்து கோடு இழுப்பது. பாலக்காட்டிலிருந்து நேர் மேற்கே, பத்துக்கும் பதினொன்றுக்கும் இடைப்பட்ட அட்சரேகையில் போங்கள். லட்சத்தீவின் கவரத்தி, அகத்தி. அரபிக்கடல் தாண்டி சோமாலியா, எத்தியோப்பியா, நைஜீரியா, கானா, கினி. அட்லாண்டிக் கடந்தால் டிரினிடாட்டின் போர்ட் ஆஃப் ஸ்பெயின், வெனிசுவேலாவின் கரகாஸ், கொலம்பியாவின் பாரன்கியா, பிறகு கோஸ்டா ரிக்கா. பசிபிக்கைத் தாண்டி பிலிப்பைன்ஸின் இலோயிலோ, வியட்நாமின் ஹோ சி மின் நகரம், சிறிய அந்தமான். மறுபடி தமிழ்நாடு வழியாக வாளையார். கன்னியாகுமரியிலிருந்து நெடுக்கே போனால் இன்னும் சுவாரசியம்: வடக்கே பெங்களூரு, டெல்லி, அதே வாக்கில் கசகஸ்தானின் அல்மாட்டி. தெற்கே சுமார் 5,000 கி.மீ.க்குக் கோட்டில் நிலமே கிடையாது. பிறகு பிரான்சுக்குச் சொந்தமான ஆம்ஸ்டர்டாம் தீவு, அதை ஒட்டி செயின்ட் பால் தீவு, அப்புறம் அண்டார்டிகா. இப்படிப் படித்த ஊர் மறக்காது, ஏனென்றால் ஒவ்வொன்றும் ஏற்கெனவே தெரிந்த ஓர் ஊரோடு கட்டப்பட்டிருக்கிறது.

ஆறுகளும் அப்படித்தான். ஆழியாற்றுத் தண்ணீர் தமிழ்நாட்டில் கிளம்பி சித்தூர்ப் புழையாகி, பாரதப்புழையில் கலந்து, பொன்னானியில் அரபிக்கடலைச் சேர்வதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு எல்லை தாண்டும் ஆறு புதுசு இல்லை. டான்யூபை எடுத்துக்கொண்டால் மத்திய ஐரோப்பா முழுவதும் ஒரு நூலில் வந்துவிடும்: ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி, குரோவேஷியா, செர்பியா, ருமேனியா, பல்கேரியா, மால்டோவா, உக்ரைன். வழியில் வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட், பெல்கிரேட் என்று நான்கு தலைநகரங்கள். ஆறு இல்லாத இடத்தில் அக்கம்பக்கத்தைச் சொல்லிப் பாருங்கள், வடக்கில் தொடங்கி வலமாக. லாவோஸ் என்றால் சீனா, வியட்நாம், கம்போடியா, தாய்லாந்து, மியான்மர். நைஜர் என்றால் அல்ஜீரியா, லிபியா, சாட், நைஜீரியா, பெனின், புர்கினா ஃபாசோ, மாலி. படம் பார்க்காமல் வாயால் சொல்ல வேண்டும். பஸ்ஸில் பொள்ளாச்சி போய்ச் சேர்வதற்குள் நாலைந்து நாடு முடிக்கலாம்.

செடெரா மாதிரி, பெயர் சொன்ன நாட்டைப் படத்தில் தொட்டுக் காட்டுகிற இணைய விளையாட்டுகள் நல்லவைதான், மதிப்பெண்ணை மட்டும் அப்படியே நம்பக்கூடாது. கண்டுபிடித்த நாடுகள் நிறம் மாறிவிடுவதால் கடைசி பத்துப் பதினைந்து நாடுகள் தாமாகவே கிடைத்துவிடும். முதல் பாதியில் வந்த தவறுகளை மட்டும் கணக்கில் எடுங்கள். தவறும்போது "இதற்குப் பதில் எதைத் தொட்டேன்" என்று ஜோடியாக எழுதிவையுங்கள்: காபோனுக்குப் பதில் காங்கோ, ஹோண்டுராஸுக்குப் பதில் நிகரகுவா. அந்த ஜோடிகளைத்தான் மறுநாளும், மூன்றாம் நாளும், ஒரு வாரம் கழித்தும் பார்க்க வேண்டும். சரியாக வந்ததைத் திரும்பத் திரும்பத் தொடுவதில் நேரம்தான் போகும். வேர்ல்டில் (Worldle) என்ற இணைய விளையாட்டில் ஒரு நாட்டின் வெளிக்கோட்டைக் காட்டி, பெயரைக் கண்டுபிடிக்க ஆறு வாய்ப்பு தருவார்கள். ஒவ்வொரு தவறுக்கும் எத்தனை கி.மீ., எந்தத் திசை என்று சொல்வது நல்ல பயிற்சி.

தேர்வுக்குப் படிப்பவர்கள் கவனிக்க: வெளிநாட்டுத் தளங்களில் இந்தியாவின் நில எல்லை நாடுகள் ஆறு என்று வரும். நம் அரசின் வரைபடப்படி ஏழு, ஆப்கானிஸ்தானும் (106 கி.மீ.) சேரும். பழைய சுவர்ப் படம் வைத்திருந்தால் சூடானைப் பாருங்கள். தெற்கு சூடான் தனியாக இல்லையென்றால் அது 2011க்கு முந்தையது. ஸ்வாசிலாந்து என்று இருந்தால் எஸ்வாட்டினி என்று (2018), மாசிடோனியாவை வட மாசிடோனியா என்று (2019) பேனாவால் திருத்திவிடலாம்.

பசிபிக் தீவுகளைக் கடைசிக்கு வையுங்கள். 24 செ.மீ. தாளில் அவை இரண்டு ஓரங்களிலும் சிதறிப்போகும், கிரிபாட்டி இரண்டாக உடையும். அதற்கு இன்னொரு தாளில் அதே கட்டத்தை, நடுக்கோடு 180 டிகிரி என்று மாற்றிப் போடுங்கள். கிரிபாட்டியின் தாராவா நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் அரை செ.மீ., கிரிஸ்துமஸ் தீவு வலப்பக்கம் ஒன்றரை செ.மீ. ஃபிஜி கோட்டின் மேலேயே வரும். மேற்கே பப்புவா நியூ கினி, சாலமன், வனுவாட்டு; வடக்கே பலாவ், மைக்ரோனேசியா, மார்ஷல் தீவுகள், நவ்ரு; நடுவில் துவாலு, சமோவா, டோங்கா.