ஈ.எஸ்.பி.யில் ஒட்டிய சாம்பல்

500 மெகாவாட் அனல்மின் அலகு முழுச் சுமையில் ஓடினால் மணிக்குச் சுமார் 300 டன் நிலக்கரி எரியும். நம்மூர் நிலக்கரியில் 40 சதவீதம் சாம்பல் என்று வைத்துக்கொள்வோம். 120 டன். அதில் ஐந்தில் ஒரு பங்கு பாய்லர் அடியிலேயே விழுந்துவிடும், மீதி 96 டன் புகையோடு பறக்கும். அதில் 99.9 சதவீதத்தை ஈ.எஸ்.பி. (புகையிலிருந்து தூசியை மின்சாரத்தால் பிரிக்கும் பெட்டி) பிடித்துவிட்டாலும் மணிக்கு 96 கிலோ புகைபோக்கி வழியே போய்க்கொண்டுதான் இருக்கும். புகையின் அளவால் வகுத்தால் கன மீட்டருக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராம். 2004 முதல் 2016 வரை நிறுவிய அலகுகளுக்கு 2015 டிசம்பரில் மத்திய அரசு வைத்த வரம்பும் அதே 50தான் (பழைய அலகுகளுக்கு 100, 2017 முதல் வந்தவற்றுக்கு 30). 99.9 என்பது 99.8 ஆனால் வெளியேறும் தூசி இரண்டு மடங்கு. தசமப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் அந்த ஒற்றை இலக்கத்துக்காகத்தான் இத்தனை பாடும்.

பாடப்புத்தகத்தில் இந்தப் பெட்டிக்கு ‘நிலைமின் வீழ்படிவாக்கி’ என்று பெயர். பிளான்ட்டில் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை, ஈ.எஸ்.பி.தான். 400 மி.மீ. இடைவெளியில் வரிசையாக இரும்புத் தகடுகள் தொங்கும். ஒவ்வொரு இரண்டு தகடுகளுக்கும் நடுவே மெல்லிய கம்பிகள். கம்பியில் 50, 60 கிலோவோல்ட் எதிர்மின்னழுத்தம் கொடுத்தால் அதைச் சுற்றிக் காற்று அயனியாகி, கடந்துபோகும் தூசிக்கு மின்னூட்டம் ஏறி, தூசி தகட்டில் போய் அப்பிக்கொள்ளும். தகட்டைச் சுத்தியல் தட்டும்போது அது கீழே ஹாப்பரில் (சாம்பல் சேரும் புனல் வடிவத் தொட்டி) விழ வேண்டும். ‘வேண்டும்’ என்பதில்தான் சிக்கல்.

இந்த யோசனை பழையது. 1885-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ஆலிவர் லாட்ஜ் சொன்னபடி வேல்ஸில் பாகில்ட் என்ற ஊரின் ஈய உருக்காலையில் இதை அமைத்துப் பார்த்தார்கள். கண்ணாடித் தட்டுகள் சுழலும் விம்ஸ்ஹர்ஸ்ட் எந்திரத்திலிருந்து மின்சாரம். தோல்வி. எந்திரத்தின் சக்தி போதவில்லை என்பது ஒரு காரணம். ஈயப்புகைத் தூசி மின்சாரத்தை லேசில் கடத்தாது என்பது இன்னொன்று.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து கலிஃபோர்னியாவில் வேதியியலாளர் ஃபிரெடரிக் காட்ரெல் ஜெயித்தார். அவர் கையில் மின்மாற்றியும், மாறுமின்சாரத்தை ஒருதிசையாக்கும் சுழல் ரெக்டிஃபையரும் இருந்தன. அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம், அவர் முதலில் பிடிக்கப் போனது கந்தக அமில மூடுபனி. அது ஈரம், மின்சாரம் தாராளமாகப் பாயும், தகட்டில் வழிந்து தானே கீழே இறங்கிவிடும், தட்டவே வேண்டாம். அடுத்து செல்பி உருக்காலை, அதன்பின் ரிவர்சைடில் ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் சண்டைக்கு நின்ற சிமென்ட் ஆலை. 1923-இல் டெட்ராய்ட் அருகே டிரென்டன் சேனல் மின்நிலையத்தில் நிலக்கரிச் சாம்பலுக்கும் வந்தது. உலர்ந்த சாம்பல் என்றதும் லாட்ஜை மடக்கிய அதே கேள்வி மறுபடி முளைத்தது: இந்தத் தூசி மின்சாரத்தை எவ்வளவு தடுக்கும்?

தூசியின் மின்தடை ரொம்பக் குறைந்தாலும் ஆகாது. எரியாத கரித்துகள் தகட்டைத் தொட்டதும் மின்னூட்டத்தை இழந்து மறுபடி புகையில் கலந்துவிடும். நமக்கு வாய்த்தது மறுமுனை. தடை 10,000 கோடி ஓம்-செ.மீ.யைத் தாண்டினால் தகட்டில் படிந்த சாம்பல் அடுக்கே மின்காப்பு ஆகிவிடுகிறது. அடுக்குக்குள் மின்னழுத்தம் ஏறி ஏறி, ஒரு கட்டத்தில் அது வெடித்து எதிர்த்திசையில் அயனிகளைக் கக்கும். இதுதான் பேக் கொரோனா. இந்திய நிலக்கரியில் கந்தகம் பொதுவாக அரை சதவீதத்துக்கும் கீழே. கந்தக டைஆக்சைடு கணக்குக்கு அது நல்லது. ஈ.எஸ்.பி.க்கோ கெடுதல், சாம்பலின் மேற்பரப்பில் மின்சாரம் ஓட வழிசெய்யும் கந்தக டிரைஆக்சைடு போதுமான அளவு உருவாவதில்லை. அதனால்தான் ராணிப்பேட்டை பெல் (பாரத மிகுமின் நிறுவனம்) போன்ற ஆலைகள் இங்கே இவ்வளவு பெரிய பெட்டிகளைச் செய்ய வேண்டியிருக்கிறது.

பேனலில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். மில்லிஆம்பியரை மெல்ல ஏற்றிக்கொண்டே கிலோவோல்ட்டைப் பாருங்கள். ஆரோக்கியமான ஃபீல்டில் (புகை ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கும் ஈ.எஸ்.பி. பகுதிகளில் ஒன்று) இரண்டும் சேர்ந்து ஏறும். பேக் கொரோனா இருந்தால் ஒரு இடத்துக்கு மேல் மின்னோட்டம் கூடக் கூட அழுத்தம் இறங்கும். புதிதாக ஷிஃப்ட் பார்ப்பவர்கள் இங்கேதான் தவறுவார்கள். புகை தெரிகிறதே என்று மின்னோட்டத்தை இன்னும் ஏற்றுவார்கள், புகை இன்னும் கூடும். செய்ய வேண்டியது நேர்மாறு. மின்னோட்டத்தைக் குறைத்து, ஒரு அரைச்சுற்று கொடுத்து அடுத்த சிலவற்றை விட்டுவிடும் சார்ஜ் ரேஷியோவுக்கு (1:3, 1:5) மாற்ற வேண்டும். மின்செலவும் மிச்சம். அதற்கும் மசியாவிட்டால் அம்மோனியாவோ 10-20 பி.பி.எம். கந்தக டிரைஆக்சைடோ புகையில் செலுத்துவார்கள். புகையின் வெப்பநிலையையும் பார்க்கவும். சாம்பலின் தடை 150 டிகிரி வாக்கில்தான் உச்சம் தொடும். ஏர் பிரீஹீட்டர் (புகையின் சூட்டில் பாய்லருக்குப் போகும் காற்றைச் சூடாக்கும் கருவி) அடைத்துக்கொண்டு புகை வழக்கத்தைவிடச் சூடாக வந்தால் பழி ஈ.எஸ்.பி. தலையில் விழும்.

சுத்தியல் விஷயத்தில் ‘அடிக்கடி தட்டினால் சுத்தம்’ என்ற நினைப்பு பரவலாக உண்டு. தவறு. மெல்லிய அடுக்கைத் தட்டினால் அது பாளமாக விழாது, மாவாகத் தூவிப் புகையோடு போய்விடும். முதல் ஃபீல்டே பெரும்பங்கு சாம்பலைப் பிடிப்பதால் அங்கே சில நிமிடங்களுக்கு ஒருமுறை தட்டலாம். கடைசி ஃபீல்டில் மணிக்கணக்கில் இடைவெளி விட வேண்டும். அங்கே தூவினால் பிடிக்கப் பின்னால் யாரும் இல்லை. குறிப்பிட்ட இடைவெளியில் புகைபோக்கியில் ‘பொக்’கென்று ஒரு கறுப்புத் திட்டு வந்தால் கடைசி ஃபீல்டின் டைமரை முதலில் பாருங்கள்.

கம்பி அறுந்து தகட்டில் சாய்ந்தாலும், ஹாப்பர் நிரம்பிச் சாம்பல் கம்பிச் சட்டத்தைத் தொட்டாலும், பேனலில் ஒரே அறிகுறிதான்: கிலோவோல்ட் பூஜ்ஜியத்தை ஒட்டி, மின்னோட்டம் முழுசாக. ஹாப்பரைக் காலி செய்ததும் சரியானால் காரணம் சாம்பல். ஹாப்பர் ஏன் நிரம்பியது என்று பார்த்தால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: ஹீட்டர் போய்ச் சாம்பல் குளிர்ந்து கட்டிதட்டியிருக்கும், மேன்ஹோல் கேஸ்கெட் வழியாக வெளிக்காற்று உள்ளே வந்திருக்கும், அல்லது சாம்பல் மட்டத்தைக் காட்டும் லெவல் புரோப் பொய் சொல்லியிருக்கும். சுத்தியலால் ஹாப்பரை வெளியே தட்டிப் பார்க்கும் பழைய வழக்கம் இன்னும் உதவும், மொத்து மொத்தென்று கேட்டால் உள்ளே சாம்பல் நிற்கிறது. இதைத் தள்ளிப்போடக் கூடாது. ஏறிய சாம்பல் அடியிலிருந்து தகடுகளைத் தள்ளி வளைத்துவிடும். கம்பிக்கும் தகட்டுக்கும் இருந்த 200 மி.மீ. ஓரிடத்தில் 160 ஆகிவிட்டால், ஹாப்பரைக் காலி செய்த பிறகும் அந்த ஃபீல்டு வழக்கத்தைவிடக் குறைந்த அழுத்தத்திலேயே பொறி தட்டிக்கொண்டிருக்கும், அடுத்த ஓவர்ஹாலில் உள்ளே இறங்கித் தகட்டை நிமிர்த்தும் வரை.