கம்பி ஆள் கடைசியில் கையைப் பிடித்துவிட்டான்

நேற்று ராத்திரி 11.15 மணிக்குப் பிடித்துவிட்டான். கம்பியை வளைத்து நான் செய்த சர்க்கஸ் பார் விளையாட்டுப் பொம்மை அவன், ஊஞ்சல் மாதிரி ஆடும் ஒரு பாரை விட்டு எதிரே ஆடுகிறவனின் கையைப் பிடிக்கவேண்டும். ஆறு வாரமாக விழுந்துகொண்டே இருந்த என் கம்பி ஆள் முதல் பாரை விட்டான். எதிரே தலைகீழாகத் தொங்கியவனின் கை வளையத்தில் போய் மாட்டிக்கொண்டு அப்படியே ஆடினான். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டதால் கத்தவும் முடியவில்லை. அப்புறம் 20 முறை விட்டுப் பார்த்தேன், 7 முறை பிடித்தான்.

அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டரின் பொம்மை சர்க்கஸைப் பார்த்ததிலிருந்துதான் இந்தப் பைத்தியம். 1926 முதல் 1931 வரை கம்பி, கார்க், துணி, நூல் என்று கையில் கிடைத்ததை வைத்து ஒரு முழு சர்க்கஸையே செய்தார். அது வளர்ந்து வளர்ந்து ஐந்து சூட்கேஸ் ஆனது. இப்போது நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் வயதான பிறகு 1961-இல் படமெடுத்த காட்சியில், தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் தன் கையாலேயே ஆட்டிக் காட்டுகிறார். எனக்குப் பிடித்தது அதில் வரும் பார் விளையாட்டு.

கம்பிக்கு வருகிறேன். பொம்மையின் உடம்புக்கு, கட்டடம் கட்டுகிறவர்கள் வாங்கும் கறுப்புக் கட்டுக்கம்பிதான் சரி. கை எல்லாம் எண்ணெய்க் கறையாகும், ஆனால் சொன்ன பேச்சுக் கேட்கும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பி வளைத்த பிறகு கொஞ்சம் பின்வாங்கும். அதை 1.6 மி.மீ. கனத்தில் பாருக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். அலுமினியக் கம்பி ஒரு முறை விழுந்தாலே தோள் கோணிவிடும். ஆன்லைனில் 18 கேஜ் என்று வாங்கிய சுருள் ஒன்று அளந்து பார்த்தால் அதைவிட மெல்லிசு. அதிலிருந்து பக்கத்து இரும்புக் கடையில் தொட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறேன்.

முதல் மூன்று வாரம் எடையோடு போராடினேன். கால் வீசிப் போகவேண்டும் என்று கணுக்காலில் தூண்டில் ஈயக்குண்டைக் கடித்து வைத்தேன். வீச்சு வந்தது, தாளம் போய்விட்டது. மேலே கயிறு கட்டிய முடிச்சிலிருந்து எடை நிற்கும் இடம் வரை 25 செ.மீ. இருந்தால் போய்வர ஏறக்குறைய 1 நொடி, 36 செ.மீ. என்றால் 1.2 நொடி. ஈயம் கீழே இறங்கியதும் ஊசல் நீண்டுவிட்டது, எதிரே இருப்பவன் எப்போதும் முந்திக்கொண்டான். கயிற்றைச் சுருக்கிச் சுருக்கி இருவரையும் ஒரே தாளத்துக்குக் கொண்டுவந்தேன்.

அப்படியும் விழுந்தான். பிடிக்காமல் விழுந்தால் பரவாயில்லை, ஒவ்வொரு முறையும் இடது பக்கமாகத் திரும்பி விழுந்தான். கைக் கொக்கியைக் குடைக்கைப்பிடி மாதிரி, பேனா ரீஃபிலைச் சுற்றி வளைத்திருந்தேன். வாயை அகட்டினால் பாதி வழியிலேயே நழுவுகிறான், குறுக்கினால் பாரை விடவே மாட்டேன் என்கிறான். வளைத்து வளைத்து இரண்டு கொக்கிகள் ஒடிந்தன. நேற்றுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது கைக் கொக்கியின் நுனியில், கட்டிங் பிளேயர் வெட்டிய இடத்தில், மணல் அளவுகூட இல்லாத ஒரு பிசிறு. வலது கை விட்டபிறகும் இடது கை ஒரு கணம் பாரைப் பற்றிக்கொண்டிருக்கிறது, உடம்பு திரும்பிவிடுகிறது. உப்புத்தாளால் நான்கு தேய்ப்பு, பார் மேல் மெழுகுவர்த்தியால் ஒரு தடவல். மூன்றாவது வீச்சில் பிடித்தான்.

இந்த ஆறு வாரமும் எனக்குள் ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. பிரெஞ்சு ஓவியர் சோராவின் 1891 சர்க்கஸ் ஓவியத்தில் ஒரு பெண் ஓடும் குதிரை முதுகில் நிற்கிறாள், பின்னால் ஒருவன் தலைகீழாகக் குட்டிக்கரணத்தில் இருக்கிறான். அதை முடிப்பதற்குள் சோரா 31 வயதில் இறந்துபோனார். அந்தரத்தில் இருப்பவன் 130 வருஷத்துக்கு மேலாகியும் கீழே வரவில்லை. ஓவியத்தில் அது நடக்கும். கம்பியில் எடை தப்பினால் தப்பியதுதான், ஒரு பிசிறுகூட மன்னிக்காது. கால்டர் 1919-இல் இயந்திரப் பொறியியல் படித்து முடித்தவர். பின்னால் அவர் செய்த, கலைஞர் மார்செல் துஷாம்ப் 1931-இல் மொபைல் என்று பெயர் வைத்த அசையும் சிற்பங்களுக்கு இந்தச் சர்க்கஸில்தான் கை பழகியது என்று நான் நம்புகிறேன். அவருக்குச் சர்க்கஸ் வெறும் உவமை இல்லை, எடை எங்கே நிற்கிறது என்று தினமும் கேட்ட இடம்.

அடுத்து நான் செய்யப்போவது பிரெஞ்சு ஓவியர் டெகா 1879-இல் வரைந்த மிஸ் லாலா. பாரிஸ் பெர்னாண்டோ சர்க்கஸில் கயிற்றைப் பல்லால் கடித்தபடி கூரைக்கு ஏறுகிறவர். வாய் ஒன்றுதான் பிடிமானம், கட்டாயம் சுழலும். தூண்டில் கடையில் சுழலி வளையம் இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் வலை கட்டவேண்டும். வெங்காய மூட்டையைப் பிரித்துப் பார்த்தேன், கண்ணி பெரிது, கால் மாட்டுகிறது. இப்போதைக்குக் கீழே தலையணை போட்டிருக்கிறேன்.