தொண்டு செய்ய கம்பெனி எதுக்கு? செக்‌ஷன் 8 பத்தி கொஞ்சம்

ஊருக்குள்ள நாலு பேர் சேர்ந்து ஏதாவது நல்லது செய்ய ஆரம்பிச்சா கொஞ்ச நாளைக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப்பும் ஒருத்தரோட ஜிபே நம்பரும் போதும். வெளியாள் ஒருத்தர் பெரிய தொகை தரேன்னு வந்து "ரசீது குடுப்பீங்களா, 80ஜி இருக்கா"ன்னு கேக்கும்போதுதான் எல்லாரும் முழிப்போம். 80ஜின்னா, நன்கொடை தர்றவருக்கு வருமான வரிச்சலுகை கிடைக்க அமைப்பு வாங்கி வெச்சிருக்க வேண்டிய அனுமதி. எங்க மாலை நேர டியூஷன் சென்டர்லயும் அப்படித்தான் ஆச்சு. உடனே ஆளாளுக்கு ஒரு யோசனை, டிரஸ்ட் போடலாம், சங்கமா பதியலாம், இல்ல இல்ல இப்ப எல்லாரும் செக்‌ஷன் 8 கம்பெனிதான் போடறாங்கன்னு. கடைசில கம்பெனிதான் போட்டோம். நிறைய பேர் விவரம் கேக்கறாங்க, அதான் எழுதறேன், ஆனா எல்லாரும் இதையே போடுங்கன்னு சொல்ல வரல.

கம்பெனின்னாலே லாபம்னுதானே நமக்குப் பழக்கம். 2013 கம்பெனிகள் சட்டத்தோட 8வது பிரிவுப்படி கல்வி, கலை, விளையாட்டு, ஆராய்ச்சி, சமூக நலன், தர்மம், சுற்றுச்சூழல் மாதிரி நோக்கத்துக்காகவும் கம்பெனி ஆரம்பிக்கலாம், லாபம் வந்தா தப்பில்ல, ஆனா அது திரும்ப அந்த வேலைக்கே போகணும், மெம்பருக்கு டிவிடெண்ட்னு ஒரு ரூபா போகக்கூடாது. பழைய 1956 சட்டத்துல இது 25வது பிரிவு, வயசான ஆடிட்டர்கள் இன்னும் "செக்‌ஷன் 25"னுதான் சொல்வாங்க. இது ஏதோ சின்ன அமைப்புக்கான விஷயம்னு நினைச்சுடாதீங்க, நாம டீக்கடைல ஸ்கேன் பண்றோமே அந்த யூபிஐ-ய நடத்தற என்பிசிஐ கூட இந்த வகைதான்.

பதியறது ஒண்ணும் பெரிய மலை இல்ல. ரெண்டு டைரக்டர், ரெண்டு மெம்பர் போதும், அதே ரெண்டு பேரே ரெண்டுமா இருக்கலாம், குறைஞ்சபட்ச மூலதனம்னு எதுவும் கிடையாது, வீட்டு அட்ரஸையே ஆபீஸா காட்டலாம், கரண்ட் பில்லும் வீட்டு ஓனரோட சம்மதக் கடிதமும் இருந்தா சரி. டிஜிட்டல் கையெழுத்து வாங்கிட்டு ஸ்பைஸ் ப்ளஸ்ங்கற ஆன்லைன் பதிவு ஃபார்ம்ல போடணும், அடுத்த மூணு வருஷத்துக்கு வரவு செலவு எவ்வளவு இருக்கும்னு ஒரு உத்தேசக் கணக்கும் கேப்பாங்க. லைசென்ஸுக்குன்னு முன்னாடி தனியா ஐஎன்சி-12னு ஒரு ஃபார்ம் போட வேண்டியிருந்துது, 2019 ஆகஸ்ட்ல இருந்து புது கம்பெனிக்கு அது இல்ல, எல்லாம் ஒரே ஃபார்ம்ல முடியுது. ஃபைல் பாக்கறது சென்னைல இல்ல, ஹரியானா மானேசர்ல இருக்கற சென்ட்ரல் ஆபீஸ். பேருல கடைசில லிமிடெட் வராது, ஃபவுண்டேஷன், அசோசியேஷன், கவுன்சில் மாதிரி ஒண்ணு வரணும். நல்ல தமிழ்ப் பேரா வைக்கலாம்னு அறம், துளிர், விழுதுன்னு ஆரம்பிச்சீங்கன்னா அதெல்லாம் எப்பவோ யாராவது எடுத்திருப்பாங்க, கூட ஊர் பேரையோ வேற ஒரு சொல்லையோ சேர்த்து வெச்சுக்கோங்க. சர்டிபிகேட் வந்ததும் கம்பெனி நம்பர் நடுவுல என்பிஎல்னு மூணு எழுத்து இருக்கும், லாப நோக்கமில்லாத கம்பெனின்னு அதை வெச்சே தெரிஞ்சுடும்.

உண்மையா மண்டைய உடைச்சுக்க வேண்டிய இடம் நோக்கங்கள் பகுதி, கம்பெனியோட அடிப்படைப் பத்திரமான எம்ஓஏ-ல வர்றது. எங்க குழுல ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருத்தர், ரொம்ப நல்ல மனுஷர், ஒரு முழு பக்கம் எழுதிட்டு வந்துட்டார். கல்வி, மருத்துவம், முதியோர் இல்லம், மரம் நடறது, கோசாலை, கோயில் திருப்பணி, எல்லாம். ஆடிட்டர் பொறுமையா படிச்சுட்டு பேனாவ எடுத்து கோயில் திருப்பணிய அடிச்சார்.

"ஏன் சார், அதுவும் தர்மம்தானே?"

"தர்மம்தாங்க ஐயா, ஆனா 80ஜி கேக்கும்போது இந்த ஒரு வரிய வெச்சே இழுத்தடிப்பாங்க. கோயிலுக்கு நீங்க தனியா செய்ங்க, கம்பெனி வேண்டாம்."

அடுத்து கோசாலையும் போச்சு, ஹெட்மாஸ்டர் முகம் கொஞ்சம் சுருங்கிச்சு. ஆனா ஆடிட்டர் சொன்னதுல அர்த்தம் இருக்கு. பின்னாடி நோக்கத்த மாத்தணும்னா தீர்மானம் போட்டா மட்டும் போதாது, அரசோட முன் அனுமதி வேணும், வருமான வரித்துறைக்கும் சொல்லணும். அதுக்காக ரொம்ப குறுக்கி "பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு கணக்கு டியூஷன்"னு எழுதினாலும் நாளைக்கு லைப்ரரி வைக்க முடியாது. அஞ்சு வருஷத்துல நிஜமா என்ன செய்வீங்களோ அதை மட்டும் எழுதுங்க.

சம்பளம் எடுக்கலாமான்னு எல்லாருக்கும் கேக்க ஆசை, ஆனா கூச்சப்படுவாங்க. எடுக்கலாம். ஸ்டாஃபுக்கு தாராளமா குடுக்கலாம், மெம்பரே நிஜமா வேலை செஞ்சா அவருக்கும் நியாயமான அளவுல குடுக்க வழி இருக்கு. சொந்தக்காரங்களுக்கு மார்க்கெட் ரேட்டுக்கு மேல குடுத்தாதான் வரித்துறைல மாட்டுவீங்க.

சர்டிபிகேட் வந்த கையோட 80ஜி வந்துடும்னு நினைக்கறவங்க நிறைய பேர். அது கம்பெனித் துறை, இது வருமான வரி, ரெண்டும் வேற வேற. 12ஏ (அமைப்போட வருமானத்துக்கே வரிவிலக்கு), 80ஜி ரெண்டுக்கும் தனியா விண்ணப்பிக்கணும், புது அமைப்புக்கு முதல்ல மூணு வருஷத்துக்கு தற்காலிகமாத்தான் தருவாங்க. 2025 வருமான வரிச் சட்டத்துல பிரிவு நம்பர் எல்லாம் மாறிடுச்சு, ஆனா பேச்சுல இன்னும் பல வருஷத்துக்கு 80ஜிதான் ஓடும். இன்னொண்ணு, ரெண்டாயிரம் ரூபாய்க்கு மேல கேஷா குடுத்தா டோனருக்கு வரிச்சலுகை இல்ல, புது வரி முறைல இருக்கறவங்களுக்கு எப்படிக் குடுத்தாலும் இல்ல. 80ஜி இருந்தா பணம் கொட்டும்னு கனவு காணாதீங்க.

இப்ப யாரும் சொல்லாத விஷயத்துக்கு வரேன், வருஷா வருஷம் ஆகற செலவு. கம்பெனி கணக்குல ஒரு ரூபா நடமாட்டம் இல்லனாலும் ஆடிட் கட்டாயம், ஆறு மாசத்துக்கு ஒரு போர்டு மீட்டிங், வருஷாந்திரக் கூட்டம், அப்புறம் கம்பெனித் துறைக்கு ஏஓசி-4 (வரவு செலவுக் கணக்கு), எம்ஜிடி-7 (வருஷாந்திர விவரம்), வருமான வரிக்கு ஐடிஆர்-7னு ஃபார்ம்கள். இதுல ஏஓசி-4, எம்ஜிடி-7 லேட் ஆனா ஒவ்வொரு ஃபார்முக்கும் ஒரு நாளைக்கு 100 ரூபா. தர்ம காரியம்னு தள்ளுபடியெல்லாம் கிடையாது. ஒரு வருஷம் முழுசா விட்டா ரெண்டு ஃபார்முக்கும் சேர்த்து 73,000 ரூபா, எத்தன பிள்ளைங்களுக்கு நோட்டு வாங்கலாம் பாத்துக்கோங்க. தொடர்ந்து மூணு வருஷம் விட்டா டைரக்டருங்க அஞ்சு வருஷத்துக்கு தகுதி இழப்பாங்க, அவங்க சொந்தமா நடத்தற பிரைவேட் லிமிடெட்லயும் டைரக்டர் பதவி போயிடும். "சும்மா பேருக்கு டைரக்டரா இருங்க அண்ணே"ன்னு தெரிஞ்சவங்களக் கூப்பிடும்போது தயவுசெஞ்சு இதையும் சொல்லிட்டுக் கூப்பிடுங்க.

டிரஸ்ட்ல இந்த ஆர்ஓசி (கம்பெனிப் பதிவாளர்) தொல்லை இல்ல, பத்திரம் எழுதி சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல பதிஞ்சா முடிஞ்சுது, அப்புறம் வருமான வரிக் கணக்குதான். சங்கம்னா தமிழ்நாட்டு 1975 சட்டப்படி ஏழு பேர் வேணும், மாவட்டப் பதிவாளர்கிட்ட வருஷா வருஷம் கணக்கு காட்டணும், எலெக்‌ஷன் வேற, எங்க ஊர் அரசியலுக்கு அது சரிப்படாதுன்னு நான்தான் வேண்டாம்னேன். சிஎஸ்ஆர் பணம், அதாவது பெரிய நிறுவனங்க சமூகப் பணிக்குன்னு ஒதுக்கறது, நாம கம்பெனியா இருந்தாத்தான் வரும்னு ஒரு பேச்சு ஓடுது, அது தப்பு. 12ஏ, 80ஜி வாங்கி மூணு வருஷ அனுபவம் உள்ள டிரஸ்ட்டும் சங்கமும் கூட சிஎஸ்ஆர்-1 ஃபார்ம் போட்டு வாங்கலாம். கார்ப்பரேட்காரங்க கம்பெனிய விரும்பறாங்கன்னா அது எம்சிஏ (மத்திய அரசோட கம்பெனித் துறை) சைட்ல டைரக்டர் யாரு, ஃபைலிங் ஒழுங்கா இருக்கான்னு அவங்களே தட்டிப் பாத்துக்கலாம்ங்கறதுக்காக. நாங்க கம்பெனி போட்டதும் அதுக்குத்தான், எங்களுக்குப் பணம் தர்றவங்க முக்கால்வாசி வெளியூர்ல, எங்கள நேர்ல பாத்ததே இல்ல. பத்து குடும்பம் மாசம் ஐநூறு போட்டு நடத்தற விஷயம்னா டிரஸ்ட்டே தாராளம்.

ஆடிட்டர்கிட்ட பேசும்போது ரெஜிஸ்ட்ரேஷனுக்கு எவ்வளவுன்னு மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க, அதை எல்லாரும் கம்மியாத்தான் சொல்வாங்க, ரெண்டாவது வருஷத்துல இருந்து மொத்தமா எவ்வளவு ஆகும்னு பேப்பர்ல எழுதி வாங்குங்க. வெளிநாட்டுப் பணம், அதுக்கான எஃப்சிஆர்ஏ சட்டத்து அனுமதி பத்தி கேட்டவங்களுக்கு, அது தனிக்கதை, மூணு வருஷம் நடத்தி குறைஞ்சது 15 லட்சம் செலவு காட்டினப்புறம் பேச வேண்டியது, துபாய்ல இருக்கற சித்தப்பாகிட்ட அது வரைக்கும் இந்திய பேங்க்ல இருக்கற அவரோட என்ஆர்ஓ (வெளிநாட்டுவாழ் இந்தியர்) அக்கவுண்ட்ல இருந்து அனுப்பச் சொல்லுங்க, இந்தியப் பாஸ்போர்ட் இருந்தா அது வெளிநாட்டு நன்கொடைல வராது.